மௌனம்: வழங்குபவர் பூவம்மா

சிங்கப்பூரில் தேக்கா பாசார் என்கிற சந்தைக்கு எதிரே, சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் சந்துகளில் ஒன்று. அங்கே தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனதால் மட்டும் ஒரு கடிதம் வந்து சேர்ந்துவிட்டதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆமினா பீவியின் இடியாப்பக் கடை வாசலில் பூவம்மா அதை உரக்கப் படிக்க வேண்டும். சந்துப் பெண்கள் முக்காலிகளில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது என்று பெயர். படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டால் அதில் ஏதோ விவகாரம் இருக்கிறது என்று சந்து முடிவு கட்டிவிடும்.

பூவம்மா படிக்கிற விதம் அப்படி. கடிதத்தைக் கையில் எடுத்தால் எழுதியவராகவே ஆகிவிடுவாள். நாகூரிலிருந்து ஆமினா பீவியின் நாத்தனார் எழுதிய கடிதத்தை முதன்முதலில் படித்தபோது அவள் குரல் தானாக மூக்கடைத்துக்கொண்டது. அந்த நாத்தனாரை அவள் பார்த்ததே இல்லை. ஆமினா பீவி இடியாப்ப உரலைக் கீழே போட்டுவிட்டு, "அல்லாவே! அவளேதான்! பொறந்ததுலேர்ந்து சளி அவளுக்கு. எப்படிப் புள்ள கண்டுபிடிச்சே?" என்று கத்தினாள்.

"எழுத்துலயே அடைச்சிருந்துச்சு அக்கா" என்றாள் பூவம்மா.

கடை வாசலில் இப்படி. வீட்டில் அவள் பேசுவது குறைவு. கணவன் வேலாயுதம் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்தான். வாரம் முழுக்க அங்கேயே குடியிருப்பில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை மத்தியானம் வருவான். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, "சோறு ஆச்சா?" என்று கேட்டபடியே உள்ளே நுழைவான். அவள் பதில் சொல்வதற்குள் கால் கழுவப் போயிருப்பான். கெட்டவன் இல்லை. அவன் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான். பூவம்மாவும் பதிலை உள்ளேயே சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தாள். அவளுக்குள்ளே ஒரு சந்தைக்கூட்டம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது: கடிதங்களில் வந்த நாகூர் நாத்தனார், மன்னார்குடி மாமனார், யாரோ ஒருத்தியின் கடன்கார அண்ணன். அத்தனை பேருக்கு நடுவில் தன் குரல் எது என்று சில சமயம் தேடிப் பார்ப்பாள். சட்டென்று அகப்படாது.

அவளுக்கென்று ஒரு கடிதமும் வந்ததில்லை. சிங்கப்பூரிலேயே பிறந்தவள், பெற்றவர்களும் இங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அவள் பெயரை எழுதத் தெரிந்தவர் யாருமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு, ஒரு புதன்கிழமை, கடையிலிருந்த ரேடியோப் பெட்டி சொன்னது: "கிழக்குக்கடல் ஒலிபரப்பு நிலையத்தின் நாடகப் பிரிவுக்குப் புதிய குரல்கள் தேவை. அனுபவம் தேவையில்லை."

சந்து முழுவதும் பூவம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

"போ புள்ள" என்றாள் ஆமினா பீவி. "அனுபவம் வேணாங்கறான். உன்கிட்ட இல்லாதது அது ஒண்ணுதான்."

நிலையம் ரிவர் வேலி சாலைப் பக்கம், முன்பு ஐஸ் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் இருந்தது. ஐஸ் போய்விட்டாலும் குளிர் போகவில்லை. வாசல் மேசையில் குணவதி என்ற பெண் தலை நிமிராமல் ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் நான்காவது கேள்வி: "இதற்கு முன் வானொலியில் நடித்த நாடகங்கள் பன்னிரண்டைக் குறிப்பிடுக."

"அனுபவம் தேவையில்லைன்னு சொன்னாங்களே?"

"விண்ணப்பம் போட அனுபவம் தேவையில்லைங்க" என்றாள் குணவதி. "அதான் படிவம் குடுத்தேன். நடிக்கறதுக்குத்தான் தேவை."

"நடிக்காம அனுபவம் எப்படிம்மா வரும்?"

குணவதி அப்போதுதான் நிமிர்ந்தாள். இந்தக் கேள்வியை இதற்கு முன்பும் பலர் கேட்டிருந்தார்கள் போலும், அவள் முகத்தில் ஒரு பழைய வருத்தம் தெரிந்தது. "அதுக்குத் தனியா ஒரு பிரிவு இருக்கு. மாடிக்குப் போங்க."

மாடியில் நாடகப் பிரிவு அதிகாரி அழகப்பன் இருந்தார். பட்டு மாதிரி வழுக்கும் குரல். எந்த வாக்கியத்துக்கும் தாம் பொறுப்பில்லை என்பதை அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுவது அவர் வழக்கம்.

"நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுபவம் இல்லாதவர்களைப் பேச விட்டால் அவர்கள் பேசிவிடும் அபாயம் இருக்கிறது. ஆகவே நிலையம் உங்களைப் போன்றவர்களுக்கென்று பேசாப் பாத்திரங்களை வைத்திருக்கிறது. பன்னிரண்டு நாடகங்களில் பேசாமல் நடித்தால் பதின்மூன்றாவதில் ஒரு வசனம்."

பூவம்மாவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது. "ரேடியோவுல பேசாம நடிச்சா, யாருக்கு சார் தெரியும்?"

அழகப்பன் பரிவோடு சிரித்தார். "நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசன் சபையில் பேசுகிறான். சபை என்பது என்ன? பேசாமல் இருப்பவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் அவன் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான் என்று ஆகிவிடும். நேயர்கள் அவனைப் பைத்தியம் என்பார்கள். ஓர் அரசனின் புத்தி உங்கள் கையில் இருக்கிறதம்மா."

பிறகு தேர்வு நடந்தது. பூவம்மாவை ஒலிப்பதிவு அறையில் நிற்க வைத்து, காதுகளில் கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி அவள் பேசாமல் இருப்பதை இரண்டு நிமிடம் கேட்டார் அழகப்பன். பாதியில் நெற்றியைச் சுருக்கினார்.

"நல்ல மௌனம். ஆனால் கொஞ்சம் சிராங்கூன் சாலை வாடை வீசுகிறது. சரித்திர நாடகத்துக்கு உதவாது. பயிற்சிக்கு வாருங்கள்."

இரண்டு வாரப் பயிற்சி. முதல் வாரம் நின்றுகொண்டு பேசாதிருத்தல், இரண்டாவது வாரம் உட்கார்ந்துகொண்டு. ஒலிப்பதிவு அறைத் தரையில் ஒலிவாங்கியைச் சுற்றி மஞ்சள் வண்ணத்தில் வட்டங்கள் வரைந்திருந்தன. முதல் தரக் கலைஞர் ஓரடி தூரத்தில் நிற்கலாம், இரண்டாம் தரத்தவர் மூன்றடி. மூன்றாம் தரத்தவர் கதவோரம் நின்று கத்த வேண்டும். அதனால் நம் நாடகங்களில் ஏழைகள் எல்லாரும் தூரத்திலிருந்தே பேசினார்கள். பேசாப் பாத்திரங்களுக்கு வட்டமே இல்லை, சுவர்தான்.

பயிற்சி முடிந்த அன்று நிலையத் தலைவர் இராஜரத்தினம் உரையாற்றினார். கண்ணை மூடி, எதிரே பூங்கொத்து இருப்பதுபோல மூக்கால் ஒரு நீண்ட மூச்சு இழுத்த பிறகே அவர் வாய் திறப்பார். முடிக்கும்போது "அன்றோ?" என்பார். யாரும் பதில் சொல்லக் கூடாது.

"மனிதன் பேசத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பேசுவதற்கு முறையாக அனுமதி பெறும் வழக்கத்தை இந்த நிலையமே ஏற்படுத்தியது. பேசத் தகுதியானவர்களை நாங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று பார்க்கிறோம். எளிய முறை. அன்றோ?"

பூவம்மா பதில் சொல்லவில்லை. பயிற்சியில் முதலாவதாக வந்தவள் அல்லவா.

முதல் நாடகத்தில் அரசவைப் பெண்கள் அறுவரில் ஒருத்தி. பட்டுப் புடவை கட்டி வரச் சொன்னார்கள். புடவை கேட்குமா என்று அவள் கேட்டதற்கு, பருத்தியாக இருந்தால் கேட்கும் என்று அழகப்பன் சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு ஏழரைக்கு அரசன் நேரடியாக முழங்க, அவள் சுவரோரம் வாய் மூடி நின்றாள். மறுநாள் கடை வாசலில் ஒரே பரபரப்பு.

"கேட்டேன் புள்ள!" என்றாள் ஆமினா பீவி. "ராஜா 'யாருக்குத் துணிவு உண்டு'ன்னு கேட்டாரே, அப்ப கப்சிப்னு ஆச்சே, அது நீதானே?"

"நாங்க ஆறு பேரு அக்கா அதுல."

"இருந்துட்டுப் போகட்டும் லா. உன்னோடது தனியாத் தெரிஞ்சுச்சு."

அந்தச் சனிக்கிழமை வேலாயுதம் சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைக் கேட்டான். "பேசாம இருக்கறதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போவானேன்? இங்கயே இருந்துக்கலாமே?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அவனுக்கு அது புரியவில்லை. பூவம்மாவின் தொண்டை வரைக்கும் ஒரு பதில் வந்தது. அவன் கால் நீட்டிப் படுத்துவிட்டான். அவள் பதிலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது நாடகத்தில் அவள் பிணம். தரையில் படுக்க வைத்துப் பக்கத்தில் ஒருவரை அழவிட்டார்கள். மறுநாள் குறிப்பு வந்தது: "பிணம் மூச்சு விட்டதாகத் தெரிகிறது. விளக்கம் தேவை." பூவம்மா எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தாள். ஐந்தாவதில் தூங்கும் குழந்தை. ஏழாவதில் மலை. மலையாக நடிக்க அவள் உயரம் போதாது என்று ஒரு சிறு சர்ச்சை எழுந்து, ஒரு முக்காலி கொடுத்துச் சமாளித்தார்கள். ஒன்பதாவதில் சுவரில் மாட்டிய படம். பத்தாவது நாடகத்தில் கதாநாயகியின் மனசாட்சியாகப் போட்டார்கள். அது பேசாதா என்று பூவம்மா கேட்டாள். "நம் நிலையத்தில் பேசாது" என்றார் அழகப்பன்.

எல்லாவற்றையும் அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். பதின்மூன்றாவது நாடகத்தில் வரப்போகும் வசனத்தைக் குணவதி முன்கூட்டியே அவளுக்குக் காட்டியிருந்தாள். நள்ளிரவில் கதவு தட்டும் சத்தம் கேட்டு ஒரு வீட்டுக்காரி கேட்பது: "யாரது வாசலில்?"

இரண்டே சொற்கள். பூவம்மா ஏழு மாதமும் அவற்றைச் சொல்லிப் பார்த்தாள். அரிசி களையும்போது பயந்த குரலில், துணி பிழியும்போது அதட்டலாக. நாகூர் நாத்தனார் மாதிரி, மன்னார்குடி மாமனார் மாதிரிக்கூடச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் பொருந்தின, எதுவும் அவளுடையதாக இல்லை. கதவைத் தட்டினால் உண்மையில் தான் எப்படிக் கேட்பாள்? அதை யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவள் வீட்டுக் கதவை யாரும் தட்டியதே இல்லை. தள்ளிக்கொண்டுதான் வருவார்கள்.

அந்த இரண்டு சொல்லை ஒருமுறை, தன் குரலில், ஊர் கேட்கச் சொல்லிவிட வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது நாடகம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை தபால்காரர் சந்துக்குள் நுழைந்து, "திருமதி பூவம்மா வேலாயுதம்!" என்று கூப்பிட்டார். தனக்குத்தானா என்று இரண்டு தடவை கேட்ட பிறகே அவள் கையை நீட்டினாள். தட்டச்சில் தன் முழுப் பெயர். வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உறையை முகர்ந்து பார்த்தாள். பசை வாசனை. தன் பெயர் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

பிரித்துப் படித்தாள். மறுபடியும் படித்தாள். மூன்றாவது தடவை படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

சாயங்காலம் கடை வாசலில் முக்காலிகள் நிறைந்திருந்தன. "கொண்டா புள்ள" என்றாள் ஆமினா பீவி. "இத்தனை வருசமா எங்க கடுதாசியெல்லாம் படிச்சே. இன்னிக்கு உன்னோடது."

"நாளைக்குப் படிக்கறேன் அக்கா."

"விவகாரமா?"

"இல்லக்கா. எந்தக் குரல்ல படிக்கறதுன்னு தெரியல."

அது பொய் இல்லை. எந்தக் கடிதத்துக்குள்ளும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். இதற்குள் யாரையும் காணவில்லை. அடியில் இருந்த மூன்று கையெழுத்துகளும் மூன்று காலி நாற்காலிகள் மாதிரிக் கிடந்தன. செவ்வாய்க்கிழமையும் நாளைக்கு என்றாள். சந்து முணுமுணுத்தது. புதன்கிழமை நிலையத்தின் மூன்றாம் ஆண்டு விழா. அதில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டு, உறையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஆமினா பீவி ரேடியோப் பெட்டியைக் கடை வாசலுக்கே தூக்கி வைத்து, எல்லாரையும் உட்காரச் சொன்னாள்.

விழாவுக்குப் பெரிய கப்பல் கம்பெனியின் துரை ஒருவர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனாலேயே அவரைத் தமிழ்ப் பிரிவுக்கு அழைத்ததாகப் பேசிக்கொண்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பார்வையாளர் அறையில் துரையும் இராஜரத்தினமும் அழகப்பனும் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அறையில் பூவம்மா தனியாக. முதன்முறையாக அவளை ஓரடி வட்டத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள்.

"நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்றார் அழகப்பன். "பேச்சு தூரத்திலிருந்தும் கேட்கும். மௌனம் மெல்லியது. கிட்ட நின்றால்தான் கேட்கும்."

அதே காரணத்துக்காக ஒலி அளவையும் கடைசி வரை திருப்பி வைக்கச் சொன்னார். திருப்பி வைத்த பொறியாளர், மௌனத்தைக் கவனித்துக்கொள்ள ஆள் தேவையில்லை என்று கோப்பி குடிக்கச் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்விட்டார். ஒலிப்பதிவு அறைக் கதவில் பித்தளைத் தகடு பளபளத்தது: "சிவப்பு விளக்கு எரியும்போது உள்ளே நுழைபவர் எவராயினும் வேலைநீக்கம் செய்யப்படுவர். இராஜரத்தினம், நிலையத் தலைவர்." 'எவராயினும்' என்பதை மட்டும் தடித்த எழுத்தில் பொறிக்கச் செய்திருந்தார்.

இராஜரத்தினம் பார்வையாளர் அறையிலிருந்த ஒலிவாங்கியில் மூக்கால் மூச்சு இழுத்தார். "நேயர்களே! உலகில் எந்த நிலையமும் தன் மௌனத்தை இவ்வளவு முறையாகத் தயாரித்ததில்லை. ஒரு நிமிட மௌனம். வழங்குபவர், பேசாக் கலைஞர், முதல் தரம், பூவம்மா. எங்களால் வளர்க்கப்பட்டவர். அன்றோ?"

அவருடைய ஒலிவாங்கி அணைந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

பூவம்மா நின்றாள். பத்து விநாடி. இந்த ஒலிவாங்கிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று அவள் யோசித்தாள். கடல் இல்லை, ஊர் இல்லை. ஆமினா பீவியின் கடை வாசல்தான். முக்காலியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மணி எத்தனை? சுவரில் பார்த்தாள். சரியாக ஐந்து.

ஐந்து மணி ஆனால் கடிதம் படிக்க வேண்டியதுதான்.

அவள் உறையை எடுத்துப் பிரித்தாள். எந்தக் குரலில் படிப்பது என்பது இப்போது தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்களே. கண்ணை மூடி, மூக்கால் நீளமாக மூச்சு இழுத்தாள். சிங்கப்பூர் முழுவதும் இருந்த பெட்டிகளிலிருந்து நிலையத் தலைவர் இராஜரத்தினம் மறுபடியும் பேசத் தொடங்கினார்.

"திருமதி பூவம்மா வேலாயுதம் அவர்களுக்கு. தாங்கள் கடந்த ஏழு மாதங்களில் பன்னிரண்டு நாடகங்களில் பேசாதிருந்ததை நிலையம் மிகுந்த கவனத்துடன் கேட்டு வந்துள்ளது. அன்றோ?"

கண்ணாடிக்குப் பின்னால் இராஜரத்தினம் தம் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது மூடியிருந்தது.

பூவம்மாவின் குரல் வழுக்கிக்கொண்டு அழகப்பனுக்குள் இறங்கியது. "நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேசுபவர்கள் நமது நிலையத்தில் ஏராளம். அவர்களில் பலர் எதற்காகப் பேசுகிறார்கள் என்பது நிலையத்துக்கே தெரியாது. பேசாதவர்களோ அரியர். எனவே, முன்பு தங்களுக்குத் தருவதாக இருந்த 'யாரது வாசலில்' என்னும் வசனம், தலைவரின் மைத்துனியாருக்கு வழங்கப்படுகிறது. அவருக்கு அனுபவம் இல்லை என்றாலும், அனுபவம் உள்ளவர்களோடு பல முறை உணவருந்தியிருக்கிறார்."

இராஜரத்தினம் அழகப்பனைப் பார்த்தார். "இதையெல்லாமா எழுதினீர்?"

"நான் எழுதியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்றார் அழகப்பன், வெளிறிப்போய். "நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்."

"நான் படித்தா கையெழுத்துப் போடுகிறேன்? போய் நிறுத்தும்!"

"விளக்கு எரிகிறதே ஐயா. 'எவராயினும்'."

பொறியாளரைத் தேடி அழகப்பன் ஓடினார். பொறியாளர் சிற்றுண்டிச்சாலை ஒலிபெருக்கிக்குக் கீழே, கோப்பி ஆறுவது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "நல்ல நாடகம் சார், முடியட்டும்" என்று அவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

உள்ளே, குணவதியின் உணர்ச்சியற்ற குரலில் கடைசிப் பத்தி போய்க்கொண்டிருந்தது. "ஆகவே தாங்கள் இனி எக்காலத்திலும் பேச வேண்டியதில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது. இது குறித்துத் தங்களுக்குக் கருத்து ஏதேனும் இருப்பின், அதைத் தங்கள் துறையின் வாயிலாகவே, அதாவது மௌனமாக, தெரிவித்துக்கொள்ளலாம். இப்படிக்கு, மூன்று கையெழுத்துகள்."

பூவம்மா கடிதத்தை மடித்தாள். கடிதம் முடிந்துவிட்டது. மற்றவர்களின் குரல்கள் ஒவ்வொன்றாக அவளை விட்டு இறங்கிப் போயின. உள்ளே இருந்த சந்தை, வாழ்நாளில் முதல் தடவையாக, வெறிச்சென்று ஆனது. அது பயமாகவும் இருந்தது, கால் நீட்டி உட்கார்ந்தது போலவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, உள்ளே நுழைய முடியாத அழகப்பன், வெளியிலிருந்து கதவைத் தடதடவென்று தட்டினார்.

பூவம்மா தலையைத் திருப்பவில்லை. பயப்படவும் இல்லை, அதட்டவும் இல்லை. தட்டியது யார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு வீட்டுக்காரி கேட்பதைப் போலக் கேட்டாள்:

"யாரது வாசலில்?"

விளக்கு அணைந்தது. பொறியாளர் ஓடி வந்து அணைத்ததாகப் பிறகு தெரிந்தது. துரை எழுந்து நின்று கை தட்டினார். "தமிழில் மௌனத்துக்கு இத்தனை சொற்கள் உண்டு என்று எனக்குத் தெரியாது" என்று இராஜரத்தினத்தின் கையை ஆங்கிலத்தில் குலுக்கினார்.

மறுநாள் விசாரணை. அழகப்பன் குற்றச்சாட்டை ஆறு பக்கம் எழுதி, யார் எழுதியது என்று தெரியாதபடி தட்டச்சு செய்து கொண்டுவந்தார். குணவதி நிகழ்ச்சிப் பதிவேட்டைத் திறந்து தலைவர் முன் வைத்தாள்.

"இதுல புதன்கிழமை அஞ்சு மணிக்கு 'மௌனம்'னு பதிவாகியிருக்கு சார். பதிவுப்படி நேத்து யாரும் எதுவும் பேசல. பேசினாங்கன்னு நீங்க திருத்தணும்னா, 'நாலு நிமிஷம் பாத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் செய்யல'ன்னு பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும்."

இராஜரத்தினம் நெடுநேரம் பேனாவைப் பார்த்தார். மூக்கால் மூச்சு இழுத்தார். "மௌனம் சற்றுத் தடிப்பாக இருந்தது, அவ்வளவே. அன்றோ?"

முதல் தடவையாக ஒருவர் பதில் சொன்னார். "ஆமாங்க சார்" என்றாள் குணவதி.

வெள்ளிக்கிழமை நேயர் கடிதங்கள் மூட்டையாக வந்து இறங்கின. எல்லாம் ஒன்றையே கேட்டன: அந்த மௌனத்தை மறுபடி எப்போது ஒலிபரப்புவீர்கள்? நீடூர் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர், தம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரையும் இப்படி மௌனமாக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை தபால்காரர் மறுபடியும் அந்த நீளமான பெயரைக் கூப்பிட்டார். இந்தத் தடவை ஐந்து மணி வரை யாரும் காத்திருக்கவில்லை. ஆமினா பீவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பூவம்மா படித்தாள்:

"பேசாக் கலைஞர் பூவம்மாவின் மௌனம், இனி வாரந்தோறும் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிடம் ஒலிபரப்பாகும். கலைஞர் தமக்கு உகந்த கடிதங்களைக் கையில் வைத்திருக்கலாம். அவரைப் பேசுபவர் என்று யாரும் கருதலாகாது. நிலையத் தலைவரின் குரலில் மௌனம் காப்பதை மட்டும் தவிர்க்க வேண்டுகிறோம்."

"அப்ப நீ பேசலாமா, கூடாதா?" என்று கேட்டாள் ஆமினா பீவி.

"கூடாதாம் அக்கா. வாரா வாரம் கால் மணி நேரம் கூடாதாம்."

சந்து சிரித்து ஓய்வதற்கு வெகுநேரம் பிடித்தது. ஆமினா பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து கசங்கிய நீல உறை ஒன்றை எடுத்தாள். "நாகூர்லேர்ந்து திங்கக்கிழமையே வந்துச்சு புள்ள. உன்னோடதைப் படிக்காம இதைக் குடுக்க மனசு வரல."

மத்தியானம் பூவம்மா வீட்டில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வேலாயுதம் வருகிற நேரம். செருப்புச் சத்தம் சந்தில் கேட்டது, வாசலில் நின்றது. தோளால் தள்ளுகிற சத்தத்துக்குக் காது தயாரானது. கதவு அசையவில்லை.

செம்பவாங்கில் பட்டறைக் கோப்பிக்கடையிலும் ஒரு ரேடியோப் பெட்டி உண்டு. புதன்கிழமை ஐந்து மணிக்கு அங்கே அறுபது பேர் இருந்தார்கள். கடைசி வரி வந்ததும் ஒருவன், "யாருப்பா இது, இப்படிக் கேக்குது?" என்றானாம். வேலாயுதம் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்" என்றானாம். இதெல்லாம் பிறகு வேறு ஒருவர் சொல்லி அவளுக்குத் தெரிந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்தது கதவின் மேல் விழுந்த சத்தம் மட்டுந்தான்.

மூன்று தட்டு. மெதுவாக, புதிதாகக் கற்றுக்கொண்டவன் தட்டுவது போல.

பூவம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவசரமில்லாமல் கேட்டாள்:

"யாரது வாசலில்?"

வெளியே ஒரு கனைப்பு. "நான்தான்... வேலாயுதம். செம்பவாங்லேர்ந்து வர்றேன்" என்றது குரல். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "உள்ள வரலாமா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு ரசம் ஒரு கொதி வரும் வரைக்கும் பேசாமல் இருந்தாள். முதல் தரக் கலைஞர் ஆயிற்றே. வெளியே அவன் காத்திருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.